புதிய சுவரும் இருபதாம் ஆண்டும்



ஒரு புதிய கட்டுமானப் பொருள் வென்றதா, தோற்றதா என்பதை நாம் எந்த நாளில் தீர்மானிக்கிறோம்? பெரும்பாலும் திறப்பு விழா நாளிலேயே தீர்மானித்துவிடுகிறோம். 2021 ஏப்ரலில் சென்னை ஐஐடி வளாகத்தில் முப்பரிமாண அச்சு முறையில் உருவான 600 சதுர அடி வீடு ஒன்று திறக்கப்பட்டது. அங்கே படித்த மாணவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் அதைக் கட்டியிருந்தது. நாடெங்கும் அப்போது பேசப்பட்டது, அது எத்தனை நாளில் எழுந்தது என்பதுதான். அதே வளாகத்தில் 2013இல் ஜிப்சம் பலகைகளைக் கொண்டு நான்கு குடியிருப்புகள் உள்ள இரண்டு தளக் கட்டடம் எழுந்தபோதும், ஏறத்தாழ ஒரே மாதத்தில் முடிந்தது என்ற செய்தியே முன்னால் நின்றது. இந்த வேகம் பாராட்டுக்குரியது. அதன் பின்னால் உள்ள பொறியியல் உழைப்பு அதைவிடப் பாராட்டுக்குரியது. ஆனால் வீட்டுக் கடனை அடைக்கவே இருபது ஆண்டு பிடிக்கும் ஒரு நாட்டில், வீட்டின் தரத்தைக் கட்டி முடித்த நாட்களின் எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது. வீடு கட்டும் பொருளில் செய்யப்படும் சோதனை குடியேறும் நாளில்தான் தொடங்குகிறது என்பது என் வாதம். இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்கும்போதே அது முடிகிறது. அந்தப் பொருள் மழையிலும் உப்புக்காற்றிலும் எப்படி முதுமை அடைகிறது? பழுதானால், அந்த ஊரில் கிடைக்கும் கொத்தனாரின் கையால் அதைச் சரிசெய்ய முடிகிறதா?

சோதனையே எதற்கு, இருப்பதை வைத்துக் கட்டினால் போதாதா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். இன்று நாம் கட்டும் வீடு, அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை சிமென்ட்டை நம்பி நிற்கிறது. சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டுக் கிளிங்கர் ஆக்குகிறார்கள். எரிபொருளின் புகை ஒரு பங்குதான். சுண்ணாம்புக்கல் பிளவுபடும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. சிமென்ட் ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேற்பட்டது இந்த வேதிவினையிலிருந்து வருவது. ஆகவே சூளையைச் சூரிய ஒளியில் ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது. உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழு, எட்டு விழுக்காடு சிமென்ட்டிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறார்கள். இதோடு ஆற்று மணல் அருகிப்போனதையும், கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் இறக்குவதையும் சேர்த்துப் பாருங்கள். மாற்றுப் பொருளைத் தேடுவது சில கட்டடக் கலைஞர்களின் ஆசையாக நின்றுவிட முடியாது. நமக்கு அது கட்டாயம். கட்டாயம் என்பதாலேயே அந்தத் தேடலைச் சரியாகச் செய்ய வேண்டும்.

சரியாகச் செய்யப்பட்ட தேடல் எப்படி இருக்கும் என்பதற்கு மண் கட்டியின் வரலாறு நல்ல சான்று. 1950களில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ராவுல் ராமிரெஸ் என்பவர் கையால் இயக்கும் ஓர் அழுத்து இயந்திரத்தை வடிவமைத்தார். சின்வா-ராம் என்று அதற்குப் பெயர். சலித்த மண்ணோடு சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்தி, சூளையில் வைக்காமல் ஈரத்தில் பதப்படுத்தினால் சுவர் எழுப்பத் தக்க கட்டி கிடைக்கும் என்பதை அது காட்டியது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா மையம் அந்த எண்ணத்தை நம் மண்ணுக்கு ஏற்ப ஆராய்ந்தது. 1989இல் தொடங்கப்பட்ட ஆரோவில் மண் கட்டடக் கழகம், சத்பிரேம் மைனியின் வழிகாட்டுதலில் ஆரம் என்ற அழுத்து இயந்திரத்தை உருவாக்கியது. கட்டியில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடுதான் சிமென்ட். 1990களில் ஆரோவிலில் எழுந்த விகாஸ் குடியிருப்பில் நான்கு தளம் வரை இந்த முறையில் கட்டினார்கள். மண் தோண்டிய குழியும் வீணாகவில்லை. அதையே கட்டடத்தின் நிலத்தடித் தளமாகவோ நீர்த்தொட்டியாகவோ மாற்றுவது அங்கே வழக்கமானது. இந்திய தர நிர்ணய அமைவனம் இதற்கென வகுத்த ஐஎஸ் 1725 விதி 1982இலும் 2013இலும் திருத்தப்பட்டது.

இந்த வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதுவது அறிவு சேர்ந்த விதத்தை. மணற்பாங்கான மண்ணுக்குச் சிமென்ட் பொருந்தும். களி மிகுந்த கரிசல் மண்ணுக்குச் சுண்ணாம்புதான் ஏற்றது. தரையில் விழும் மழை தெறிக்கும் உயரம் வரை அடிச்சுவரைக் கல்லாலோ செங்கல்லாலோ காக்க வேண்டும். தாழ்வாரம் போதிய அகலம் நீள வேண்டும். நான்கு வாரம் ஈரம் காக்காமல் கட்டியை எடுத்துக் கட்டினால் அது பின்னால் பொடியும். இவற்றுள் ஒன்றுகூடத் திறப்பு விழா நாளில் தெரிந்திருக்க முடியாது. பல மழைக்காலங்கள் சுவர்மீது இறங்கிய பிறகே தெரிந்தன. தெரிந்தவை பயிற்சியாகவும் தர விதியாகவும் மாறின. ஒரு சோதனை முதிர்வது என்றால் இதுதான்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் செய்த பணி இதே பாடத்தை வேறொரு வழியில் சொல்கிறது. அவர் புதிய பொருளைக் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்த பொருளைக் குறைவாகப் பயன்படுத்தும் முறைகளைப் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கற்களைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, ஒன்பது அங்குலச் சுவருக்குள் காற்றறைகளை விடுகிறார்கள். ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது. காற்றறை வெப்பத்தையும் தடுக்கிறது. கூரையிலும் அதே சிக்கனம். தளம் வளையும்போது அதன் மேற்பகுதி நெருக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. கான்கிரீட் நெருக்கத்தைத் தாங்கும். இழுவையைத் தாங்குவது கம்பி. ஆக, கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பகுதியில் கிடக்கும் கான்கிரீட் பெரிதாக உழைப்பதில்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துவிட்டால் எடையும் செலவும் குறையும். இவ்வாறு 1970களின் தொடக்கத்தில் அந்நகரின் உள்ளூர் என்ற பகுதியில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் அரை நூற்றாண்டைக் கடந்து பயன்பாட்டில் இருக்கிறது. அங்கே ஒரு செங்கல் உடைந்தால் மாற்ற வேறு நாட்டிலிருந்து உதிரிப்பாகம் வர வேண்டியதில்லை. கேரளத்தின் மழையில் ஐம்பது ஆண்டு நின்ற சுவர் தரும் சான்றை எந்த விளம்பரமும் தர முடியாது.

எல்லாச் சோதனையும் பரவுவதில்லை. பரவாதவையும் நமக்குக் கற்பிக்கின்றன. ஈரானில் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி பச்சை மண்ணால் கட்டிய வீட்டையே சூளையாக்கிச் சுடலாம் என்று செய்து காட்டினார். புதுச்சேரியில் குயவுக்கலைஞர் ரே மீக்கர் 1980களில் அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடுகளைச் சுட்டார். பச்சைச் செங்கல்லால் வளைகூரையோடு வீட்டைக் கட்டி, உள்ளே விற்பனைக்கான செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கித் தீயிடுவார்கள். சில நாள் எரிந்த பின் வீடும் சுட்டிருக்கும். உள்ளே வெந்த பொருளின் விலை எரிபொருள் செலவை ஈடுகட்டும். மிக அழகான கணக்கு இது. ஆனால் தடித்த சுவர் முழுதும் வேகும்படி தீயை நடத்தத் தேர்ந்த கை வேண்டும், மரச்சட்டமில்லாமல் வளைகூரை கட்டத் தெரிந்த கொத்தனார் வேண்டும், உள்ளே சுட்ட பொருளை வாங்க அருகிலேயே சந்தை வேண்டும். இம்மூன்றும் ஒரே இடத்தில் கூடுவது அரிது. முறை பரவவில்லை. ஆனால் அறிவு வீணாகவில்லை: 2008இல் புதுச்சேரியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்களைக் கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ இதே முறையில் மீக்கரோடு சேர்ந்து கட்டினார். 2000இல் அவர் ஆரோவிலில் கட்டிய வால் ஹவுஸ் என்ற வீட்டில், நம் பகுதியின் மெல்லிய அச்சுக்கல்லும் குயவர்கள் வனைந்த சுடுமண் குழல்களால் ஆன வளைகூரையும் இடம்பெற்றன. 2012 வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் அந்த வீட்டை முழு அளவில் மீண்டும் கட்டியபோது இங்கிருந்து சென்ற கொத்தனார்கள் மாணவர்களோடு சேர்ந்து கட்டினார்கள். சோதனையின் அறிவு வரைபடத்தில் பாதியும் கைகளில் பாதியும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை.

இப்போது தொழிற்சாலையிலிருந்து வரும் முறைகளைப் பார்ப்போம். ஜிப்சம் பலகை என்று நான் சொன்னது கண்ணாடி இழை கலந்த ஜிப்சம்; ஆஸ்திரேலியாவில் தோன்றியது. உர ஆலைகளில் கழிவாகக் குவியும் பாஸ்போஜிப்சத்திலிருந்து 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் தடிமனில் உள்ளறைகள் கொண்ட பலகை செய்கிறார்கள். வேண்டிய அறைகளில் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பினால் தாங்குசுவர் கிடைக்கிறது. தனித் தூண், உத்தரம், பூச்சு ஆகியவற்றின் தேவை பெருமளவு குறைகிறது. கழிவுக்கும் வழி பிறக்கிறது. வீட்டுக்கும் சுவர் கிடைக்கிறது. நிலநடுக்கத்தை இச்சுவர் எப்படித் தாங்கும் என்று சென்னை ஐஐடி பேராசிரியர்கள் பல ஆண்டு ஆராய்ந்து வடிவமைப்புக் கையேடும் தந்திருக்கிறார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் நம் வீடுகளில் சுவர் சும்மா இருப்பதில்லை. பத்தாண்டில் குளியலறைக் குழாய் மாறும்; ஏசி வந்தால் துளை விழும்; பிள்ளைக்குக் கல்யாணமானால் ஓர் அறை கூடும். இந்தப் பலகையின் எந்த அறையை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று அங்கே வேலைக்கு வரும் பிளம்பருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆய்வகத்தில் நிரூபணமான வலிமை அவருடைய உளியின் முனையில் கரையும். முப்பரிமாண அச்சு வீட்டுக்கும் இதே கேள்வி உண்டு. பெரும்பாலும் அச்சாவது சுவர்தான். படலம் படலமாக இறங்கும் கலவையில் இரண்டு படலங்கள் சேரும் கோடுதான் நீர் நுழையக்கூடிய இடம். கடலோரக் காற்றில் அந்தக் கோடுகள் இருபது ஆண்டில் என்னவாகும் என்பதற்கு விடை தர, இருபது ஆண்டுப் பழைய அச்சு வீடு நம்மிடம் ஒன்றுமில்லை. இதை நான் எதிர்ப்பாகச் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்கிறேன்.

நேர்மையான சோதனை தன் குறையையும் எழுதி வைக்கும். எல்சி3 எனப்படும் புதிய சிமென்ட்டை அதற்கு உதாரணமாகச் சொல்வேன். சுவிட்சர்லாந்திலும் கியூபாவிலும் உள்ள ஆய்வாளர்களோடு டெல்லி, சென்னை ஐஐடிகள் சேர்ந்து உருவாக்கியது இது. கிளிங்கரில் பாதியை எடுத்துவிட்டு, 700 முதல் 850 டிகிரி வரை மட்டும் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்க்கிறார்கள். கரியமில வாயு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையக்கூடும். உப்பு உள்ளே ஊடுருவுவதை இது வழக்கமான சிமென்ட்டைவிட நன்றாகத் தடுக்கிறது, கடலோரத்துக்கு ஏற்றது. அதேவேளை, காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கும் வேகம் இதில் அதிகம் என்பதையும், தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துவதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதையும் அந்த ஆய்வாளர்களே வெளியிட்டிருக்கிறார்கள். ஜான்சி பகுதியில் மாதிரி வீடு, ஆண்டுக்கணக்கில் கண்காணித்த கான்கிரீட் மாதிரிகள் என்று படிப்படியாக நடந்து, ஐஎஸ் 18189 என்ற விதி 2023இல்தான் வந்தது. இன்னொரு நன்மையும் உண்டு: கொத்தனாரின் கரண்டிப் பிடிப்பு மாற வேண்டியதில்லை. பழகிய கையை அப்படியே விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மாற்றும் புதுமை எளிதில் பரவும். கையின் பழக்கத்தையே மாற்றச் சொல்லும் புதுமைக்குப் பயிற்சியின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

முதுமையைப் பார்க்காமல் பெருமளவில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் சான்றுகள் இருக்கின்றன. லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டப்பட்டது. குடியேறி இரண்டு மாதமே ஆகியிருந்த நிலையில், 1968 மே 16 அன்று 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. வெடிப்பு பெரிதல்ல, ஆனால் ஒரு பலகை விலகியதும் அதன்மேல் நின்றவை சரிந்து, ஒரு மூலை முழுதும் விழுந்து நால்வர் இறந்தனர். 1986இல் அக்கட்டடத்தைப் பிரித்தெடுத்தபோது பல இணைப்புகள் சரியாக நிரப்பப்படாமல் கிடந்தது தெரியவந்தது. பலகையின் வலிமையைச் சோதித்தவர்கள், இணைப்பை நிரப்பும் தொழிலாளியின் வேலையைச் சோதிக்கவில்லை. நியூசிலாந்தில் 1990களில் நடந்தது இன்னும் பரவலான துயரம். பதப்படுத்தாத மரச்சட்டத்தின்மீது, நடுவே காற்றிடைவெளி இல்லாமல், வழவழப்பான பூச்சுப் பலகைகளைப் பொருத்தினார்கள். புதிதில் அழகாக இருந்த சுவருக்குள் மழைநீர் புகுந்து வெளியேற வழியின்றி மரத்தை அழுகச் செய்தது. 2009இல் அரசுக்காகத் தயாரான மதிப்பீடு, சுமார் 42,000 வீடுகள் பாதிக்கப்பட்டதாகவும் சீரமைப்புக்கு 1,130 கோடி நியூசிலாந்து டாலர் ஆகும் என்றும் கணக்கிட்டது. பொருள் தனித்தனியே மோசமில்லை. அவை சேர்ந்து நனையும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கும் முன்பே ஆயிரக்கணக்கில் கட்டியதுதான் பிழை.

இந்தச் சான்றுகளைக் கேட்டதும், அப்படியானால் நம்பகமான கான்கிரீட்டிலேயே நிற்போம் என்று சிலர் சொல்லலாம். அந்த நம்பிக்கையையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் வீடுகளைக் காணாதவர் யார்? உப்பு உள்ளே போய்க் கம்பியைத் துருவாக்க, துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. 2021இல் சென்னை புளியந்தோப்பின் கே.பி. பூங்கா குடியிருப்பில், புதிய கட்டடத்தின் பூச்சு கை பட்டாலே உதிர்ந்ததை நாடே பார்த்தது. அங்கே பரிசோதனைப் பொருள் எதுவும் இல்லை; எல்லாம் வழக்கமான சிமென்ட்டும் மணலும்தான். பழக்கம் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. எந்தப் பொருளாயினும் கண்காணிப்பும் கைத்திறனும் இல்லாவிட்டால் தோற்கும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கோடிக்கணக்கானோருக்கு வீடில்லை; இருபது ஆண்டு காத்திருந்து பார் என்பது அவர்களுக்குச் செய்யும் கொடுமை இல்லையா? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். காத்திருக்கச் சொல்வது என் கருத்தில்லை. புதிய மருந்தொன்று அங்கீகாரம் பெற்ற பிறகும் அதன் விளைவுகளைத் தொடர்ந்து பதிவு செய்கிறோம். மருந்தும் தடைபடுவதில்லை, நோயாளியும் கைவிடப்படுவதில்லை. வீட்டுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். பத்து வீடு கட்டிப் பார்த்து நூறாக்கலாம், நூறைப் பார்த்து ஆயிரமாக்கலாம். உப்புநீரில் நனைத்து உலர்த்தும் விரைவுச் சோதனைகள் முன்னறிவிப்பைத் தரும். எளிதில் கெடக்கூடிய பாகத்தைப் பிரித்து மாற்றும்படி வடிவமைத்தால், தவறினாலும் வீடு முழுதும் போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பது முதல் ஐம்பது ஆண்டுப் பழைய சோதனைகள் ஆரோவிலிலும் திருவனந்தபுரத்திலும் இன்றும் குடியிருப்பாக நிற்கின்றன. அவற்றை முறையாக அளந்து ஆராய்ந்தாலே பாதி விடை கையில் வந்துவிடும்.

மரபே போதும், சோதனை வேண்டாம் என்போரும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சையும் மெட்ராஸ் டெரஸ் கூரையையும் காட்டுவார்கள். அவற்றின் சிறப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்று நாம் காண்பவை எஞ்சி நின்றவை மட்டுமே. விழுந்த வீடுகள் கண்ணில் படுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தவறியதைக் களைந்து நின்றதை வைத்துக்கொண்டதால்தான் மரபு மரபாயிற்று. அதுவும் நீண்ட சோதனையே. மேலும் அந்தச் சுவர்கள் ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடித்துப் பழுது பார்க்கும் வாழ்க்கையோடு சேர்ந்தே நின்றன. அந்தப் பராமரிப்பை விட்டுவிட்டுப் பூச்சை மட்டும் இரவல் வாங்கினால் மரபைப் பின்பற்றியதாக ஆகாது.

கடைசி மறுப்பு மானம் பற்றியது. மண் வீடு என்றால் ஏழை வீடு என்று மக்கள் ஏற்க மறுக்கிறார்கள் என்பார்கள். எகிப்தில் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940களில் எழுப்பிய புதிய குர்னா கிராமத்தின் கதையை இங்கே நினைக்க வேண்டும். பச்சைச் செங்கல்லும் குவிமாடமுமாக அழகிய ஊரை அவர் கட்டினார். குடியேற்றப்பட வேண்டிய மக்களோ பழைய இடத்தை விட்டு வர மறுத்தார்கள். தங்கள் பிழைப்பு எங்கே இருக்கிறது, எந்த வடிவத்தில் வாழ விரும்புகிறார்கள் என்பதில் அவர்களுடைய சொல்லுக்குப் போதிய இடமில்லை. மறுத்தவர்களை அறியாதவர்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அந்த மறுப்பும் சோதனையின் முடிவுதான். ஆகவே புதுமையின் முதல் சுமையை, வேறு வழியில்லாத ஏழையின் தலையில் ஏற்றக் கூடாது. அரசு அலுவலகங்களும், அதிகாரிகளின் குடியிருப்புகளும், கட்டடக் கலைஞர்களின் சொந்த வீடுகளும் முதலில் அந்தச் சுவர்களுக்குள் இருக்கட்டும். அப்போது பொருளின் மதிப்பும் உயரும். அதன் குறையும் விரைவில் காது கொடுத்துக் கேட்கப்படும்.

இதற்கெல்லாம் ஒரு வாய்ப்பு நம் கண்முன்னே இருக்கிறது. ஒன்றிய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் ஆறு நகரங்களில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் வீடுகள், ஒவ்வொரு நகருக்கும் வெவ்வேறு தொழில்நுட்பம் என்று வகுத்தார்கள். சென்னைக்குக் கிடைத்தது, முன்வார்ப்புக் கான்கிரீட் பாகங்களை இணைத்துக் கட்டும் முறை. பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன. கட்டும் காலத்தில் அந்த இடங்களை உயிருள்ள ஆய்வகங்கள் என்று அறிவித்து மாணவர்களையும் பொறியாளர்களையும் வரவழைத்தார்கள். நல்ல எண்ணம். அந்த ஆய்வகம் மூடப்படாமல் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் அந்த இணைப்புகளைத் திறந்து பார்த்து, நீர்க்கசிவையும் அறை வெப்பத்தையும் அளந்து, அங்கே வாழும் பெண்களிடமும் முதியவர்களிடமும் கேட்டு எழுதி, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். புதிய முறையில் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும், எந்தச் சுவரை வெட்டலாம், எங்கே குழாய் ஓடுகிறது, எதைக் கொண்டு பழுது பார்ப்பது என்று படத்தோடு விளக்கும் கையேடு பத்திரத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். அந்த முறைகளில் பயிற்சி பெற்ற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சான்றிதழும் அதற்கேற்ற கூலியும் வேண்டும். தோற்ற சோதனைகளை மறைக்காமல் பதிவு செய்யும் துணிவு நிறுவனங்களுக்கு வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் சிறியது. இதைச் செய்யாமல் விட்டால், ஒவ்வொரு தலைமுறையும் அதே தவறை வேறு பெயரில், வேறு பொருளில் செய்யும். அதன் விலையை வீட்டுக்காரர் தன் வாழ்நாள் சேமிப்பால் கட்டுவார். புதுமையை வரவேற்போம், மனமார வரவேற்போம். அதோடு, அதைத் தொடர்ந்து பார்க்கும் பொறுப்பையும் சட்டமாகவும் பழக்கமாகவும் ஏற்போம்.